ஒரு வார்த்தை, ஒரு முடிச்சு

எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் நித்யா, அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியை. வேலையில் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. போன வாரம் ஒரு சாயங்காலம் கையில் போனோடு தடதடவென்று இறங்கி வந்து, "டீச்சர், எங்க கிளாஸ் பேரன்ட்ஸ் வாட்ஸ்அப் குரூப்புல போடணும். புள்ளைங்க படிப்புக்கு வீட்டுல என்னென்ன செய்யணும்னு பத்து பாயின்ட் சொல்லுங்க. நீங்க அம்புட்டு வருஷம் வேலை பார்த்தவங்க" என்றாள்.

பத்து பாயின்டாம்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் சர்வீஸில் எத்தனை விதமான தாய் தகப்பன்களைப் பார்த்திருக்கிறேன். அடிக்கிறவர்கள், அழுகிறவர்கள், "உங்க புள்ள மாதிரி பாத்துக்கங்க" என்று கைகழுவிவிட்டுப் போகிறவர்கள், பிள்ளை எந்த வகுப்பு என்று கேட்டால் பக்கத்து வீட்டுக்காரியைப் பார்க்கிறவர்கள். இவர்களையெல்லாம் பாயின்டுக்குள் அடக்க முடியுமா?

"பாயின்டெல்லாம் எனக்கு வராதும்மா. ஒரே ஒரு வீட்டைப் பத்திச் சொல்றேன், செத்த நேரம் உக்காரு" என்றேன். "ஐயோ, எட்டு மணிக்குள்ள போடணும் டீச்சர்" என்று வந்த வேகத்தில் மாடிக்கு ஓடிவிட்டாள். சொல்ல வந்ததைச் சொல்ல விடாமல் போனால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன். எழுத எழுதக் கோபம் போய், அந்த வீட்டை நினைத்துப் பழைய மலைப்புத்தான் மறுபடி வந்தது.

ஆசிரியர் பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பாடக்குறிப்பு எழுதினோம், அட்டையில் யானை வரைந்தோம், சாக்பீஸ் உடையாமல் எழுதப் பழகினோம். பெற்றோர் என்று ஓர் இனம் உலகத்தில் இருப்பதாகவே யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. முதல் வேலை ஒட்டன்சத்திரத்துக்கு மேற்கே ஒரு கிராமத்தில் கிடைத்தது. அங்கேதான் அந்த இனத்தை நேரில் பார்த்தேன்.

ஒரு பையன் வீட்டுப் பாடம் எழுதாமலே வந்துகொண்டிருந்தான். அப்பாவை வரச் சொல்லி ஆள் அனுப்பினேன். மறுநாள் காலை மனுஷன் வந்தார். கையில் மாட்டை ஓட்டுகிற சாட்டை. வாசலிலேயே நின்று, "ஏனுங்க டீச்சர், எங்கீங்க அவன்?" என்று கேட்டார். அந்தக் கோபத்திலும் அந்த ஊர் மரியாதை குறையவில்லை. பையன் என் சேலைக்குப் பின்னால் ஒளிந்தான். அவனைச் சத்துணவுக் கூடத்தில் அரிசி மூட்டைக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டு, "இன்னிக்கு அவன் லீவுங்க" என்று சத்தியம் செய்யாத குறையாகப் பொய் சொல்லி அனுப்பினேன். பெற்றோரைப் பள்ளிக்கு வரவழைத்தால் பள்ளிக்குள் என்னென்ன வரும் என்பது அன்றைக்குத் தெரிந்தது.

தொண்ணூறுகளின் பிற்பாதியில் திண்டுக்கல் பக்கம் மாற்றல் கிடைத்தது. நாகல் நகரில் வீடு. தாடிக்கொம்பு தாண்டி ஒரு கிராமத்தில் பள்ளி. டவுன் பஸ்ஸில் போய் இறங்கிக் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். சுற்றிலும் தென்னந்தோப்பும், கனகாம்பரமும் மல்லிகையும் போட்ட காடுகளும். பெருமாள் கோயில் கோபுரம் வயல்களுக்கு மேலே தெரியும். காலையில் ஊரே பூப் பறிக்கும். சாயங்காலம் ஊரே பூக் கட்டும். திண்டுக்கல் கடைக்காரர் ஒருவர் மதியம் கனகாம்பரத்தைப் பை பையாக இறக்கிவிட்டுப் போவார். பெண்கள் அதை இருட்டுவதற்குள் சரம் சரமாகக் கட்டி, ஈரத் துணியில் சுற்றி வைப்பார்கள். விடிந்ததும் முதல் பஸ்ஸில் அது கடைக்குப் போய்விடும்.

அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர் அந்தோணிசாமி சார். குள்ளமான மனிதர். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு அட்டைத் துண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அது என்ன என்று பிறகு சொல்கிறேன். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நான் சேர்ந்த அன்றே, "டீச்சர், நம்ம பள்ளிக்கூடத்துல பெத்தவங்களக் கூப்புட்டு விடுற பழக்கம் கிடையாது. நாமதான் போவோம்" என்றார்.

போவதற்கு அவர் வைத்திருந்த முறை விசித்திரமாக இருக்கும். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட வேண்டும், அது எவ்வளவு சின்னக் குடிசையானாலும். நாற்காலி தேடி அலைய விடாமல் தரையில் உட்கார்ந்துவிட வேண்டும். முதலில் தண்ணீர் கேட்க வேண்டும். அவர்கள் கொடுக்கிற செம்பில், அவர்கள் கொடுக்கிற தண்ணீரைக் குடிக்க வேண்டும். "தண்ணி வாங்கிக் குடிச்சாத்தான் டீச்சர், நம்மள அவுங்க வீட்டு ஆளா பேச விடுவாங்க" என்பார். எந்தத் தெரு, என்ன சாதி என்று பார்க்காமல் எல்லா வீட்டிலும் அவர் குடித்ததை ஊரே கவனித்துக்கொண்டிருந்தது. அப்புறம் பிள்ளையின் படிப்பைப் பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது. பிள்ளை வீட்டில் என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கோ வாயை மூடிக்கொண்டு உட்காருவது மலையைத் தூக்குகிற வேலை. ஆனாலும் உட்கார்ந்தேன்.

அப்படிப் போன வீடுகளில் ஒன்றுதான் பஞ்சவர்ணத்தின் வீடு. அவள் மகள் முத்துமாரி என் மூன்றாம் வகுப்பில் படித்தாள். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, பெரிய கண், கணீரென்ற குரல். புருஷன் காளிமுத்து தென்னை மரம் ஏறுகிறவர். மகள் படிப்பில் அவருக்கு இருந்த பெருமை சொல்லி முடியாது. டீக்கடையில் யாராவது பேப்பர் வாசித்தால், "எம்மகள வந்து கேளுங்கப்பா, நிக்காமப் படிப்பா" என்பாராம்.

நிக்காமப் படிப்பது. அந்த வீட்டில் படிப்புக்கு அதுதான் அளவு. பஞ்சவர்ணத்துக்கு எழுத்து தெரியாது. காளிமுத்துவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அதற்கு மேல் இல்லை. பூக் கட்டுகிற வேகத்தில் தாய்க்குத் தலை நிமிரவும் நேரம் இருக்காது. நூலின் ஒரு முனையைக் கால் கட்டை விரலில் மாட்டி, இந்தப் பக்கம் ரெண்டு பூ, அந்தப் பக்கம் ரெண்டு பூ வைத்து, ஒரு சுற்று, ஒரு முடிச்சு. கண் நூலில், காது மகள் பக்கம். மகள் நிறுத்தாமல் படித்தால் நன்றாகப் படிக்கிறாள். எங்கேயாவது திணறி நின்றால் பஞ்சவர்ணத்தின் கை நின்றுவிடும். "என்னடி, ஏன் நிப்பாட்டுற? படி, படி" என்பாள், முகம் வாடிவிடும்.

நான் போன அன்று தண்ணீர் குடித்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தேன். முத்துமாரி சம்மணம் போட்டு, மடியில் புத்தகத்தை விரித்து, சந்தைக்குப் போன கிழவர் பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். அடேயப்பா, என்ன படிப்பு! ஏற்ற இறக்கம், நிறுத்தம், கேள்வி வந்தால் குரலில் கேள்வி. கேட்டுக்கொண்டே எட்டி மடியைப் பார்த்தேன். விரித்திருந்த பக்கத்தில் குளமும் மீனும் இருந்தன. கிழவர் பாடம் அதற்கும் எத்தனையோ பக்கம் பின்னால் வருவது.

எங்கள் பள்ளிகளில் ஒருவர் உரக்கப் படிக்க எல்லாரும் சேர்ந்து சொல்லுகிற வழக்கம் உண்டு. ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்தக் கூட்டத்தோடு கூட்டமாகச் சொல்லிச் சொல்லியே இந்தப் பிள்ளை புத்தகம் முழுவதையும் காதால் வாங்கி வைத்திருந்தது. எழுத்து என்று ஒன்று அங்கே இருப்பதை அது பார்க்கவே இல்லை. நான் அங்கே ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை சாரிடம்தான் சொன்னேன்.

அதற்கு அவர், "மூணாவது முடியிறதுக்குள்ள எழுத்து கூட்டத் தெரியாத புள்ள நாலாவதுல ஒளிஞ்சுக்கும் டீச்சர். அஞ்சாவதுல நின்னுரும். நின்னா நேரா பூக்காட்டுக்குத்தான்" என்றார். அவர் சொன்னது அந்த ஊரில் நான் கண்ணால் பார்த்த விஷயம். அப்படி நின்ற பிள்ளைகள் காலையில் கூடையோடு என் பஸ்ஸுக்கு எதிரே வருவார்கள். முத்துமாரிக்கு இருந்தது அந்த ஒரு வருஷம்தான்.

"சரி, சாயங்காலம் ரெண்டு பேரும் போவோம்" என்று சட்டைப் பையிலிருந்த அட்டைத் துண்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அந்த அட்டை சாக்பீஸ் டப்பாவில் வெட்டியது. நடுவில் பிளேடால் ஒரு சின்ன ஜன்னல் அறுத்திருப்பார். பக்கத்தின் மேல் வைத்தால் அந்த ஜன்னல் வழியாக ஒரே ஒரு வார்த்தை தெரியும். முன்னாலும் பின்னாலும் என்ன இருக்கிறது என்று தெரியாது. மனப்பாடம் அதில் செல்லாது. எந்தப் பிள்ளை படிக்கிறது, எந்தப் பிள்ளை ஒப்பிக்கிறது என்று அவர் அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பார். எந்த அதிகாரியும் அவருக்குச் சொல்லிக் கொடுத்த முறை இல்லை அது.

அன்று சாயங்காலம் பஞ்சவர்ணம் எங்கள் இருவரையும் பார்த்துப் பதறி எழுந்தாள். "உக்காருங்க தாயி, கைவேலையப் பாருங்க. தண்ணி மட்டும் குடுங்க" என்றார் சார். குடித்தார். முத்துமாரியைப் பார்த்து, "பாப்பா, எனக்கு ஒரு பாடம் சொல்லேன்" என்றார். அவள் மீன் பாடத்தைக் கடகடவென்று சொன்னாள். அவர் கண்ணை மூடி முழுசும் கேட்டார். "அருமை, அருமை. எங்க, இந்த ஜன்னல் வழியா என்ன தெரியுதுன்னு பாரு" என்று அட்டையைப் பக்கத்தின் நடுவில் வைத்தார்.

முத்துமாரி ஜன்னலைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். உதடு மட்டும் அசைந்தது. பாடத்தை முதலிலிருந்து மனசுக்குள் சொல்லிக்கொண்டு வருகிறாள் என்று புரிந்தது. "மீன்" என்றாள். அது மீன் இல்லை. சார் ஜன்னலை நகர்த்தினார். "குளம்" என்றாள். அதுவும் இல்லை. இன்னொரு தரம் நகர்த்தினார். அவள் வாயே திறக்கவில்லை.

பஞ்சவர்ணத்தின் கை நின்றுவிட்டது. நூல் விரலில் அப்படியே இருந்தது. படிக்காதவளுக்கு ஒன்றும் விளங்காது என்று யாராவது நினைத்தால் அவள் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். எல்லாமே விளங்கிவிட்டது. அடி விழப் போகிறது என்று நான் எழுந்து இடையில் போக ஆயத்தமாக இருந்தேன். ஒட்டன்சத்திரம் சாட்டை எனக்கு மறக்கவில்லையே.

பஞ்சவர்ணம் மகளையே வெறித்துப் பார்த்தாள். பிறகு, "ஆத்தாடி!" என்றாள். "இம்புட்டையுமா மண்டைக்குள்ள வச்சிருந்த? புஸ்தகம் முழுசையுமா? எப்படிடி? எனக்கு நேத்து வச்ச கொழம்பு வெஞ்சனம் இன்னிக்கு மறந்து போகுதே!" என்று இரண்டு கையாலும் அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் அசந்துபோனேன். அவள் குரலில் கோபம் இல்லை, கிண்டலும் இல்லை. சாமியைப் பார்த்தவள் மாதிரி மகளைப் பார்த்தாள். அந்தப் பிள்ளைக்கு அதுவரை அடக்கி வைத்த அழுகையெல்லாம் பொங்கி வந்துவிட்டது. விம்மி விம்மி, "நிப்பாட்டக் கூடாதுன்னு நீதானம்மா சொன்ன? நிப்பாட்டுனா நீ பூக் கட்ட மாட்டேங்குற" என்றாள்.

தாய்க்கு அது நெஞ்சில் தைத்தது. கொஞ்ச நேரம் மகள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். அப்புறம் சாரைப் பார்த்து, "நான் எழுத்து தெரியாதவ சார். காதால கேட்டதத்தான் படிப்புன்னு நெனச்சுட்டேன். இப்ப நான் என்ன செய்யணும்?" என்றாள்.

சார் அட்டையை அவள் கையில் கொடுத்தார். "நீங்க ஒன்னும் சொல்லிக் குடுக்க வேண்டாம் தாயி. அது டீச்சர் வேலை. தெனம் கொஞ்ச நேரம் இதப் புடிச்சுக்கங்க. அவ நின்னா நீங்களும் நில்லுங்க. அம்புட்டுதான்."

அப்போது காளிமுத்து வந்துவிட்டார். தோளில் வடக்கயிறு, இடுப்பில் அரிவாள். விஷயத்தை மறைக்காமல் சார் அவரிடம் சொன்னார். மனிதர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். டீக்கடையில் பேசிய பேச்செல்லாம் கண் முன்னால் வந்திருக்கும். நாங்கள் கிளம்புகிற வரை மகளை அவர் பக்கத்தில் கூப்பிடவே இல்லை. வழியெல்லாம் எனக்கு அதே கவலையாக இருந்தது.

வகுப்பில் நான் என் வேலையை ஆரம்பித்தேன். எழுத்து, எழுத்துக் கூட்டல், மணலில் விரல். பிள்ளை கெட்டிக்காரி, எழுத்துகளைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் வார்த்தை என்று வந்தால் முதல் எழுத்தைப் பார்த்த உடனே மிச்சத்தை ஊகித்து ஓடிவிடுவாள். நிற்பது அவளுக்குப் பயம். அந்தப் பயம் வீட்டில் வந்தது, வீட்டில்தான் போக வேண்டும். அதை எந்த டீச்சராலும் எடுக்க முடியாது.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் அந்தத் திண்டுக்கல் பூக்கடைக்காரர் நான் பஸ் ஏறுகிற நிறுத்தத்தில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். பஞ்சவர்ணத்தின் பூ பாதி கட்டாமல் உதிரியாக வந்திருக்கிறதாம். "இப்படிக் குடுத்தா நான் யாவாரம் பண்றதா, வேண்டாமா?" என்று கத்தினார். எனக்குத் துணுக்கென்றது. அன்று பள்ளி விட்டதும் நேரே அவள் வீட்டுக்குப் போனேன்.

போனவள் வாசலிலேயே நின்றுவிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் புல்லரிக்கிறது.

காளிமுத்து பூக் கட்டிக்கொண்டிருந்தார். மரம் ஏறிக் காய்த்துப்போன, பனங்கிழங்கு மாதிரி விரல்கள். கால் கட்டை விரலில் நூலை மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்த மெல்லிசுப் பூவை இரண்டு இரண்டாக வைத்துக்கொண்டிருந்தார். பாதிப் பூ நசுங்கியது, மிச்சம் நழுவியது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "என்ன காளிமுத்தண்ணே, அடுத்து கோலம் போட வாரீகளா?" என்று கேலி பேசினார்கள். "வாரேன், வாரேன். மாவு மட்டும் நீங்க குடுங்க" என்று நிமிராமலே பதில் சொன்னார்.

பஞ்சவர்ணம் கையில் பூ இல்லை. மகளோடு தோள் இடிக்க உட்கார்ந்து, இரண்டு கண்ணையும் புத்தகத்தில் வைத்து, அட்டையைப் பிடித்திருந்தாள்.

"இது என்ன?"

"மா...டு. மாடு."

பஞ்சவர்ணம் உடனே தலையாட்டவில்லை. ஜன்னலை எடுத்துப் பக்கத்தைப் புரட்டி, அதே மாதிரி இருக்கிற இன்னொரு வார்த்தையைத் தேடினாள். கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரமாயிற்று. அதன் மேல் ஜன்னலை வைத்தாள். "இது?"

"மாடு."

"ஆங். ரெண்டும் ஒரே மொகம், ஒரே பேரு. சரி. போடுங்க" என்றாள். காளிமுத்து பூவை வைத்து ஒரு முடிச்சுப் போட்டார்.

அடுத்த வார்த்தைக்குப் பிள்ளை ஊகித்து, "வண்டி" என்றாள். பஞ்சவர்ணம் பக்கத்தைப் புரட்டி, "ஏன்டி, அங்க இதே மொகத்துக்கு வரப்புன்ன. இங்க வண்டிங்குற. ஒரே மொகத்துக்கு ரெண்டு பேரா? நல்லாப் பாரு. நில்லு, அவசரம் இல்ல" என்றாள். காளிமுத்து கையில் பூவை வைத்தபடியே காத்திருந்தார். பிள்ளை பார்த்தாள், எழுத்துக் கூட்டினாள், "வ...ர...ப்...பு" என்றாள். அப்புறம்தான் முடிச்சு விழுந்தது.

என்னைப் பார்த்துவிட்டுப் பஞ்சவர்ணம் சிரித்தாள். "ஒரு வார்த்தைக்கு ஒரு முடிச்சு டீச்சர். மொதல்ல நான்தான் கட்டிக்கிட்டே பாத்தேன். கண்ணு ரெண்டுலயும் நிக்க மாட்டேங்குது. நூலப் பாத்தா எழுத்து போகுது, எழுத்தப் பாத்தா பூ போகுது. இவருதான், நீ பாரு, நான் கட்டுறேன்னாரு."

"இவ ஒரு வார்த்த படிக்கவும் நான் ஒரு முடிச்சுப் போடவும் நேரம் சரியா இருக்கு டீச்சர்" என்றார் காளிமுத்து. "ரெண்டு பேருக்கும் புது வேலைதான?"

இத்தனை வருஷம் படித்து, பயிற்சி எடுத்து, சம்பளம் வாங்கும் எனக்கு இப்படி ஒன்று தோன்றியிருக்குமா என்று கேட்டால், தோன்றியிருக்காது. அதில் எனக்கு வெட்கம் இல்லை, சந்தோஷம்தான். எழுத்தின் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சரிபார்க்கிறாளே ஒருத்தி! பிள்ளைக்கு நிற்கப் பயம் என்று தெரிந்ததும் தன் பிழைப்பையே நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாளே! அன்றைக்கு வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத அம்மாளிடம் முழுக் கதையையும் சொன்னேன். அந்த அம்மாளும் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டார்.

பூக்கடைக்காரரிடம் சார் போய்ப் பேசினார். கொஞ்ச மாசத்துக்குப் பூவைக் குறைத்துக் கொடுக்கக் கடைக்காரரும் ஒத்துக்கொண்டார். காளிமுத்து கட்டிய சரத்தைப் பார்த்து, "இதக் கழுதைக்குக் கூடப் போட முடியாதே சார்" என்று தலையில் அடித்துக்கொண்டாராம். ஆனாலும் வாங்கிக்கொண்டார். அந்த வீட்டில் அந்த மாசங்களில் செலவைச் சுருக்கித்தான் இருப்பார்கள். அதைப் பற்றி அவர்கள் ஒரு தரம்கூட என்னிடம் வாய் திறக்கவில்லை.

அந்தோணிசாமி சார் எங்கள் பள்ளியில் ஒரு பழக்கம் வைத்திருந்தார். ஆண்டு விழாவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் தாய் தகப்பன் வருவார்கள். மேடை கிடையாது, மைக் கிடையாது. வீட்டில் கிடக்கிற, எழுத்து உள்ள ஏதாவது ஒரு தாளைக் கொண்டுவர வேண்டும். பாடப் புத்தகம் மட்டும் கூடாது. காலண்டரில் கிழித்த தேதித் தாள், கல்யாணப் பத்திரிகை, உர மூட்டைச் சீட்டு, பொட்டலம் கட்டின பேப்பர், எதுவானாலும் சரி. புங்கமரத்தடியில் பிள்ளை தன் அப்பா அம்மாவுக்கு அதைப் படித்துக் காட்ட வேண்டும். அதில் தேறினால் நான்காம் வகுப்புக்குத் தைரியமாகப் போகலாம் என்பது எங்களுக்குள் ஒரு கணக்கு. முத்துமாரி தேறுவாளா என்று எனக்கு முந்தின நாள் முழுவதும் வேலையே ஓடவில்லை.

பஞ்சவர்ணம் பூப் பைக்குள் பூவோடு வந்த பேப்பரைக் கொண்டுவந்திருந்தாள். ஈரம் பட்டு ஓரமெல்லாம் நைந்து, கனகாம்பரச் சாயம் ஏறி இருந்தது. காளிமுத்து வெள்ளை வேட்டி கட்டி, தோளில் துவைத்த துண்டு போட்டு, டீக்கடை ஆட்கள் ரெண்டு பேரையும் கூட்டி வந்திருந்தார். அந்த மனுஷனின் துணிச்சலைப் பாருங்கள். மகள் திணறினால் ஊர் முழுக்கத் தெரியும் என்று தெரிந்தே கூட்டி வந்தார்.

முத்துமாரி பேப்பரைத் தரையில் விரித்தாள். பஞ்சவர்ணம் அட்டையை இடுப்பிலிருந்து எடுத்து நீட்டினாள். "வேணாம்மா, இன்னிக்கு இல்லாமப் படிக்கிறேன்" என்று தள்ளிவிட்டு, விரலை வைத்தாள்.

"ஒட்...டன்...சத்...திரம். ஒட்டன்சத்திரம். சந்...தையில். தக்காளி." தக்காளி ஒரே மூச்சில் வந்ததும் கூட்டத்தில் யாரோ "அட" என்றார்கள். "வர...த்து. வரத்து. அதி...கம். அதிகம். வி...லை. விலை."

அங்கே நின்றுவிட்டாள்.

அடுத்த வார்த்தை கடினமானது. எனக்குத் தெரியும். மனப்பாடக்காரப் பிள்ளையாக இருந்திருந்தால் விலைக்குப் பின்னால் வாய்க்கு வந்த எதையாவது போட்டுக்கொண்டு ஓடியிருக்கும். அவள் உதடு அசைவதைப் பார்த்தேன். ஐயோ, ஊகிக்கப் போகிறாள், போச்சு என்று நினைத்தேன். டீக்கடை ஆட்களில் ஒருவர் எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தார். சார் அவர் கையைப் பிடித்து அமர்த்தினார்.

முத்துமாரி நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். எல்லார் முன்னாலும், கணீரென்று, "இது தெரியலம்மா" என்றாள்.

பாவம், பிள்ளை தோற்றுவிட்டது என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். பஞ்சவர்ணம் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் இன்னும் மறக்கவில்லை. என் கையை எட்டிப் பிடித்து இறுக்கி, "தெரியலங்குறா டீச்சர்! கேட்டீகளா? தெரியலங்குறா!" என்றாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. மகள் பக்கம் திரும்பி, "இன்னிக்குத்தான்டி நீ படிக்கிற. நில்லு. எம்புட்டு நேரம் வேணாலும் நில்லு, நாங்க எங்கயும் போகல" என்றாள்.

பிள்ளை மறுபடி குனிந்தாள். விரல் ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்தது. "வீ." நின்றாள். "ழ்." நின்றாள். "ச்...சி." எல்லாவற்றையும் சேர்த்து ஒரு தரம் மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். "வீழ்ச்சி. விலை வீழ்ச்சி." அப்புறம் முகத்தைச் சுளித்து, "அப்பா, வீழ்ச்சின்னா என்னப்பா?" என்று கேட்டாள்.

"விழுந்துருச்சுன்னு அர்த்தம்மா" என்றார் காளிமுத்து. "தக்காளி வெல விழுந்துருச்சாம்."

கையில் நூல் இல்லை, பூவும் இல்லை. அவர் தோளிலிருந்த துண்டின் ஓரத்தை இழுத்து, அந்தத் தடித்த விரல்களால் மெதுவாக ஒரு முடிச்சுப் போட்டார்.